மூலம் ஒன்று, உரை ஆறு

மதரஸாவின் மேல் வகுப்புகளில் ஹரீரியின் ‘மகாமாத்’ என்னும் கிதாபை ஓதியவர்களால் அபூ ஸைது அஸ்ஸரூஜீயை மறக்க இயலாது. கிழிந்த ஆடையும் பொன்னான நாவும் உடையவர் அவர். ஊருக்கொரு வேடம் புனைந்து வருவார்; எதுகை தவறாத உரைநடையால் கூட்டத்தை உருக்குவார்; பொருளைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடுவார். பஸராவைச் சேர்ந்த ஹரீரி (1054-1122) இயற்றிய அந்த ஐம்பது மகாமாக்களை வேறொரு மொழியில் பெயர்க்க முடியுமா என்று மாணவப் பருவத்தில் நாம் உஸ்தாதிடம் வினவியதுண்டு. ‘பொருளைப் பெயர்க்கலாம், ஓசையைப் பெயர்க்க முடியாது’ என்று விடை வந்தது. அந்த ஓசையையும் தம் மொழியில் கொண்டுவரத் துணிந்த ஒருவர் ஜெர்மனியில் இருந்தார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தோம். ஃப்ரீட்ரிக் ரூக்கர்ட் (1788-1866) என்பது அவர் பெயர். கவிஞர், அரபும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்த பேராசிரியர். மகாமாத்தின் ஜெர்மன் வடிவத்தின் முதற்பகுதியை 1826இல் அவர் வெளியிட்டார். அபூ தம்மாம் தொகுத்த ‘ஹமாஸா’வையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இந்த ரூக்கர்ட்டின் வாழ்வில் 1833ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலம் பேரிடியாக வந்தது. சில வாரங்களுக்குள் அவருடைய குழந்தைகள் இருவர் நோயில் இறந்தனர். தந்தை தம் துயரைக் கவிதைகளாக எழுதினார்; நானூற்றுக்கும் மேற்பட்டவை. தாம் வாழ்ந்த காலத்தில் அவர் அவற்றை நூலாக்கவில்லை. அவற்றுள் ஐந்தைத் தேர்ந்து, 1901க்கும் 1904க்கும் இடையில் இசையமைத்தவர் வியன்னாவின் அரசவை இசை நாடக அரங்கிற்குத் தலைமை ஏற்றிருந்த குஸ்தாவ் மாலர் (1860-1911). நான்காம் பாடலின் கருத்து இது: பிள்ளைகள் இறக்கவில்லை, வெளியே உலாவப் போயிருக்கிறார்கள், நமக்கு முன்னதாக மலை மேல் ஏறிவிட்டார்கள், நாமும் போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று பெற்றோர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்கின்றனர். பாடல்கள் முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1907ஆம் ஆண்டு கோடையில், மாலரின் மூத்த மகள் மரியா நான்கு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தாள்.

மாலர் 1909இல் தமது ஒன்பதாம் சிம்பொனியை எழுதினார். அவர் முழுமையாக முடித்த கடைசி சிம்பொனி அதுவே. அதன் இறுதிப் பக்கத்தில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து நரம்பு வாத்தியங்கள் மட்டுமே மெல்லொலியில் எஞ்சியிருக்கும் நேரத்தில், முதல் வயலின்கள் ஓர் இசையடியை வாசிக்கின்றன. அந்த நான்காம் பாடலின் முடிவில், மலையுச்சியைப் பாடும் இடத்து இசையடி அது. சொல் இல்லை; இசை மட்டுமே. ஹரீரியை ஜெர்மானியருக்குத் தந்தவரின் கண்ணீர், எண்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய வழி நடந்து, சொல்லை உதிர்த்துவிட்டு, அந்த வயலின்களில் வந்து நிற்கிறது.

நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் இந்த சிம்பொனியின் ஒலிப்பதிவுகள் பலவற்றைக் கைப்பேசியில் தொகுத்து நமக்குக் கேட்கத் தந்தார். தந்ததோடு ஒரு வினாவையும் வைத்தார்: ‘உஸ்தாத், எல்லாம் ஒரே இசையேடு. ஆனால் ஒன்று எழுபது நிமிடத்தில் முடிகிறது. இன்னொன்று தொண்ணூறு நிமிடத்தை நெருங்குகிறது. எது சரியானது?’ மேலை இசையில் நாம் பிறவிப் பயிற்சி உடையவர் அல்லர். இசையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்தொடர மட்டும் ஓரளவு பழகியிருக்கிறோம். எனினும் வினா நமக்குப் புதியதன்று. மூலத்தையும் உரையையும் வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இது தெரிந்த வினாவே. அந்தத் துணிவில் ஆறு பதிவுகளை எடுத்துக்கொண்டு, நமக்கு விளங்கியதை வாசகர் முன் வைக்கிறோம்.

முதலில் மூலம் எத்தகையது என்று பார்ப்போம். சிம்பொனி நான்கு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி நீண்டது, நிதான நடையில் தொடங்கி, மூன்று முறை பெரும் கொந்தளிப்பாக எழுந்து சரிவது. இரண்டாவது ஆஸ்திரிய நாட்டுப்புற நடனம். மண்ணும் செருப்பும் தெரியும் நடனம். மூன்றாவது எள்ளலும் சினமும் கலந்த வேக ஓட்டம். அந்த ஓட்டத்தின் நடுவே திடீரென அமைதி விழுந்து, ஒரு எக்காளம் ஒரு சிறு சுழற்சிச் சுரத்தொடரை ஊதுகிறது. நம் பாடகர் ஒரு சுரத்தைச் சுற்றி மேலும் கீழும் தொட்டு வருவதைப் போன்றது அது. அடுத்த கணமே அதே தொடரைக் கிளாரினெட் கேலி செய்கிறது. ஆனால் நான்காம் பகுதி முழுவதும் அந்தக் கேலிக்கு ஆளான தொடரின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. நான்காவது மிக மெதுவானது; பெரும்பாலும் நரம்பு வாத்தியங்களால் ஆனது.

வேகத்திற்கு மாலர் எண் எதுவும் இட்டு வைக்கவில்லை. சொற்களால் மட்டுமே குறித்தார். இறுதிப் பகுதியின் தலைப்பில் ‘மிக மெதுவாக, மேலும் அடக்கி’ என்னும் பொருள்பட எழுதினார். கடைசி 27 அளவைகளுக்கு அதனினும் மெதுவான நடை. முடிவில் ஒரு சொல்: ‘மாய்ந்துபோவதாக’ என்பது அதன் பொருள். மாலர் தம் படைப்புகளை ஒத்திகையில் கேட்டுக் கேட்டுத் திருத்தும் வழக்கம் உடையவர். இந்த ஏட்டுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1911 மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். ஓராண்டுக்குப் பின் 1912 ஜூன் 26ஆம் நாள் வியன்னாவில்தான் முதன்முதலாக இது வாசிக்கப்பட்டது. ஆகவே ‘மிக மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஆசிரியரின் வாய்ச்சொல் நமக்குக் கிட்டவில்லை. இங்கேதான் உரையாசிரியர்களின் வேலை தொடங்குகிறது.

அந்த முதல் நிகழ்ச்சியை நடத்தியவர் புரூனோ வால்ட்டர் (1876-1962). 1894இல் ஹாம்பர்க் நகரில் மாலரிடம் வந்து சேர்ந்தவர். 1901 முதல் வியன்னாவில் அவருக்குத் துணை நின்றவர். அரபு நூற்கல்வியில் ஒரு சொல் வந்தால், சொன்னவர் யார், யாரிடம் கேட்டார் என்று தொடரை வினவுவது முதல் கடமை. அந்த இஸ்னாதுக் கணக்கில் வால்ட்டருக்கு மேலே நிற்பவர் மாலர் ஒருவரே. அவர் இந்த சிம்பொனியை இருமுறை பதிவு செய்தார். முதற்பதிவு 1938 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை, வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் மண்டபத்தில் நடந்த கச்சேரியின்போதே எடுக்கப்பட்டது. பழைய இசைத்தட்டுகளில் இருபது பக்கங்களாக அது வெளிவந்தது. இரண்டாவது 1961இல் அமெரிக்காவில், ஹாலிவுட்டில், கொலம்பியா சிம்பொனிக் குழுவுடன் எடுக்கப்பட்டது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது நம் கணக்கு தடுமாறியது. 1938இல் முழு சிம்பொனியும் ஏறத்தாழ 70 நிமிடம். இறுதிப் பகுதி 18 நிமிடம். 1961இல் முழுமையும் ஏறத்தாழ 81 நிமிடம்; இறுதிப் பகுதி 21 நிமிடம். இசைத்தட்டின் பக்கம் சிறியதாகையால் முதலாவதை விரைந்து முடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அது நடந்துகொண்டிருந்த கச்சேரி. தட்டுக்காக நிறுத்தி நிறுத்தி வாசித்ததன்று. ஒரே மாணவர், ஒரே ஆசான், ஒரே ஏடு. 61 வயதில் ஒரு விதமாகவும் 84 வயதில் வேறு விதமாகவும் சொல்கிறார். இரண்டையும் மாலரிடம் கேட்டதாக எப்படிக் கொள்வது? தொடர் உறுதியானது என்பதால் மட்டும் சொல் ஒன்றாகிவிடாது. அறிவித்தலுக்கு ரிவாயத் என்றும், அறிவிப்பை ஆராய்ந்து விளங்குதலுக்கு திராயத் என்றும் நம் முன்னோர் இரண்டு பெயர் வைத்தது வீணுக்கன்று. ஆசானுக்கு அருகில் இருந்தமை வால்ட்டரை மதிக்கப் போதுமான காரணம். அவரோடு விவாதத்தை முடித்துக்கொள்ளப் போதுமான காரணம் அன்று.

ஆகவே ஒரு அளவுகோல் வேண்டும். நாம் கண்ட அளவுகோல் அந்த இறுதிப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் வயலின்கள் வாசிக்கும் அந்த அடி, மாலர் புதிதாகச் செய்த சுரக்கோவை அன்று. ஒரு பாடகரின் வாயிலிருந்து வந்த அடி. சொல் போனாலும், அது ஒரு வாக்கியமாக இருந்த நினைவு அதில் உண்டு. நஹ்வு இலக்கணத்தின் முதற்பாடத்தில் மாணவன் கற்பது என்ன? சொற்கள் வரிசையாக நிற்பதால் மட்டும் அது ‘கலாம்’ ஆகாது. கேட்பவனுக்குப் பொருள் நிறைவாகக் கிடைத்தால்தான் ஆகும். இசைக்கும் இது பொருந்தும் என்பது நம் எண்ணம். எவ்வளவு மெதுவாகவும் வாசிக்கலாம். ஆனால் அந்த அடி ஒரு மனிதர் சொல்லி முடிக்கும் வாக்கியமாகக் காதில் விழ வேண்டும். சுரம் சுரமாக உதிர்ந்துவிட்டால் அழகு இருக்கலாம், கலாம் இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு முதலில் 1938க்குத் திரும்புவோம். ஒலி பழையது, இரைச்சல் உண்டு, அவையினர் இருமுவதும் கேட்கிறது. முதற்பகுதியின் கொந்தளிப்புகளில் வாசிப்பு சில இடங்களில் ஒழுங்கு குலைகிறது. எனினும் இசை நெருப்பாக ஓடுகிறது. இறுதிப் பகுதியில் அழுகை இல்லை, இழுவை இல்லை. ஒருவர் வாசற்படியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவதைப் போல இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வயலின்கள் அந்த அடியை ஒரே மூச்சில் பாடுகின்றன. ஆறு பதிவுகளிலும் சொல் மிகத் தெளிவாகக் கேட்பது இங்கேதான்.

இங்கே ஒரு பெரிய தடை நம் முன் நிற்கிறது. அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையாகாது. அன்று முதல் வயலின்களின் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஆர்னல்டு ரோஸே. வயது 74, 1881 முதல் வியன்னாவில் அந்தப் பொறுப்பை வகித்தவர், மாலரின் தங்கை யுஸ்டீனை மணந்தவர். அந்தக் கச்சேரி முடிந்து எட்டு வாரம் நிறைவதற்குள், 1938 மார்ச் 12ஆம் நாள், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவினுள் நுழைந்தது. யூதராகப் பிறந்த குற்றத்திற்காக ரோஸே தம் இருக்கையை இழந்தார். குழுவின் யூத உறுப்பினர் மற்றவர்களும் வெளியேற்றப்பட்டனர். சிலர் வதைமுகாம்களில் மாண்டனர். வால்ட்டரும் நாடிழந்தார். மாலரின் இசை தடை செய்யப்பட்டது. ரோஸேயின் மனைவி அதே ஆண்டு இறந்தார். கிழவர் 1939இல் லண்டன் போய்ச் சேர்ந்து, 1946இல் அங்கேயே கண்மூடினார். அவருடைய மகள் அல்மா ரோஸே, தாமும் வயலின் கலைஞர். ஆவ்ஷ்விட்ஸ் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கே கைதிகளான பெண்களின் இசைக்குழுவை நடத்துமாறு பணிக்கப்பட்டார். 1944 ஏப்ரலில் அங்கேயே இறந்தார்.

பிள்ளைகள் வெளியேதான் போயிருக்கிறார்கள் என்னும் அந்த அடியை, அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தந்தையின் வில் வாசித்தது. இதை அறிந்த பின் அந்தப் பக்கத்தைக் கேட்டபோது நம் கண்கள் கலங்கின. உண்மையைச் சொல்வதானால், இரண்டாம் முறையும் கலங்கின. ஆனால் மூன்றாம் முறை நாம் நம்மையே வினவிக்கொண்டோம்: நாம் கேட்பது வயலினையா, கதையையா?

ஜனவரி 16 அன்று ரோஸேக்கு அல்மாவின் முடிவு தெரியாது. வியன்னாவில் அச்சம் சூழ்ந்திருந்தது உண்மை. என்ன வரப்போகிறது என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கச்சேரியின் ஒலியில் பிற்காலத் துயரம் இல்லை, இருக்கவும் முடியாது. இருப்பதாக நமக்குத் தோன்றுவது நாம் கொண்டுபோய் வைத்தது. இதைச் சொல்வது இரக்கமின்மை என்று சிலர் எண்ணலாம். நாம் மாறாக எண்ணுகிறோம். அநீதிக்கு ஆளானவர்களை நினைவுகூர்வது வரலாற்றுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். அதை இசைத்தட்டுக்கு இட்ட பொட்டாக ஆக்கிக்கொண்டு, ‘ஆகா, என்ன உருக்கம்’ என்று சுவைப்பது அந்தக் கடனைச் செலுத்தியதாகாது. அவர்கள் அன்று செய்த வேலை நல்ல வேலை. அதை நல்ல வேலை என்று காதால் அறிந்து சொல்வதே அவர்களுக்கு மரியாதை.

இதே எச்சரிக்கை மாலருக்கும் பொருந்தும். இந்த சிம்பொனி சாவுக்கு முன் எழுதிய பிரியாவிடை என்று பலகாலும் சொல்லப்படுகிறது. மகளை இழந்தார், இதயக் கோளாறு கண்டறியப்பட்டது, வியன்னாப் பதவியை விட்டார். மூன்றும் 1907இல் நிகழ்ந்தவை. ஏட்டின் வரைவில் விடைபெறும் சொற்களை எழுதியும் வைத்தார். ஆனால் 1909இல் அவர் படுக்கையில் கிடக்கவில்லை. நியூயார்க்கில் ஒரு பெரிய இசைக்குழுவின் பொறுப்பை அந்த ஆண்டில்தான் ஏற்றார். 1910 செப்டம்பரில் மியூனிக்கில் தமது எட்டாம் சிம்பொனியைத் தாமே அரங்கேற்றினார். பத்தாவதையும் எழுதத் தொடங்கியிருந்தார். விடைபெறுதல் என்பது இந்த ஏட்டில் உண்டு; எழுதியவர் கால் இன்னும் உறுதியாகத் தரையில் இருந்தது என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் உரையே நிறைவான உரை.

1961ஆம் ஆண்டு வால்ட்டர் பதிவை இந்த நோக்கில் கேட்டால், அது முதுமையின் உரை. இதய நோயைத் தாண்டி வந்த ஒருவர், அடுத்த ஆண்டே மறையப் போகிறவர், கோபத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுச் சொல்கிறார். இரண்டாம் பகுதியின் நாட்டுப்புற நடனம் இதில் மிக இனிது. மூன்றாம் பகுதியின் சினம் ஆறிப்போயிருக்கிறது. ஒலி தெளிவு, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெரிகிறது. இறுதி அடி இங்கும் வாக்கியமாகவே இருக்கிறது, சற்று நிதானமான வாக்கியமாக. புதிதாகக் கேட்பவருக்கு ஏடு விளங்க வேண்டுமானால் இதுவே பாடநூல். ஆனால் 1938இல் இருந்த ஆபத்து இதில் இல்லை; முடிவு முன்பே தெரிந்த கதையைக் கேட்பது போல் இருக்கிறது.

மூன்றாவது, ஜான் பார்பிரோலி 1964 ஜனவரியில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன், அந்நகரின் டாலம் பகுதித் தேவாலயம் ஒன்றில் செய்த பதிவு. இறுதிப் பகுதி ஏறத்தாழ 23 நிமிடம். பார்பிரோலி இளமையில் செல்லோ வாசித்தவர். அது இங்கே ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நரம்பு வாத்தியங்களை அவர் தொண்டையாக ஆக்கிவிடுகிறார். மூன்றாம் பகுதி சற்றுக் கனமாக நடக்கிறது என்பது குறை. ஆனால் கடைசிப் பக்கத்திற்கு முன்னால் செல்லோ தனித்து இறங்கிவரும் இடத்திலிருந்து முடிவு வரை, வாக்கியம் எங்கும் அறுபடவில்லை. மெதுவாகவும் சொல்லலாம், முழுமையாகவும் சொல்லலாம் என்பதற்கு இது சான்று.

நான்காவதும் ஆறாவதும் லியனார்டு பெர்ன்ஸ்டைன் (1918-1990) உடையவை. இந்த சிம்பொனியைச் சாவின் ஏடாக உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் அவர். 1973இல் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளிலும் அவ்வாறே பேசினார். முதற்பகுதியின் தொடக்கத்தில் தயங்கித் தயங்கி வரும் தாளத்தை மாலரின் சீரற்ற இதயத்துடிப்பு என்று கொண்டவரும் அவரே. 1979 அக்டோபரில் அவர் பெர்லின் குழுவை நடத்தினார். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்புக்கு நிதி திரட்டிய அந்தக் கச்சேரிகளுக்கு முன்னும் பின்னும் அந்தக் குழுவை அவர் நடத்தியதில்லை. பதிவு அவர் மறைந்த பின் 1992இல் வெளிவந்தது. அதில் ஒரு பெரும் பிழை உண்டு. இறுதிப் பகுதியின் உச்சத்தில் முழங்க வேண்டிய டிராம்போன்கள் வாயே திறக்கவில்லை. கூரை ஏறும் நேரத்தில் ஒரு தூண் இல்லாதது போன்ற இடைவெளி. ஆயினும் அந்த இரவில் குழு முழுதும் உயிரைப் பணயம் வைத்து வாசிக்கிறது. பிழையை மன்னிக்கலாமா? நம் தீர்ப்பு: பிழையைப் பிழை என்று எழுதி வைத்துவிட்டு, மீண்டும் கேட்கலாம். எழுத்துப் பிழை உள்ள சுவடியை நாம் எறிந்துவிடுவதில்லை. அதையே ஒரே சுவடியாக வைத்துப் பதிப்பிப்பதுமில்லை.

ஆறாவதாகிய 1985ஆம் ஆண்டுப் பதிவு ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபவ் குழுவுடன் செய்தது. பலர் போற்றுவது இதுவே. இறுதிப் பகுதி ஏறத்தாழ 29 நிமிடத்தைத் தாண்டுகிறது. 1938ஐ விடப் பதினோரு நிமிடம் கூடுதல். முதல் இருபது நிமிடமும் நம்மைக் கட்டிப்போட்டது. அத்தகைய தீவிரம் எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் கடைசிப் பக்கத்தில் நம் அளவுகோல் ஒடிகிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே அவ்வளவு நீண்ட வெளி. ரூக்கர்ட்டின் அடி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று, தெரிந்த காதுக்கே தெரியவில்லை. சாவைக் காட்ட வேண்டும் என்ற வேட்கையில், இறந்த பிள்ளைகளைப் பற்றிய சொல் இறந்துவிட்டது. உரை மூலத்தை மூடிவிட்ட இடம் இது. திருக்குறள் உரைகளில் பரிமேலழகரை எவ்வளவு மதித்தாலும், சில இடங்களில் மூலத்துக்குத் திரும்பி, ‘குறள் இதைச் சொல்கிறதா?’ என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது அல்லவா? பெர்ன்ஸ்டைனின் மேதைமைக்கும் அதே மரியாதையோடு அதே கேள்வி.

இடையில் உள்ள ஐந்தாவது, ஹெர்பர்ட் ஃபான் கராயன் 1982இல் பெர்லின் குழுவுடன் கச்சேரியில் நிகழ்த்திய பதிவு. இறுதிப் பகுதி ஏறத்தாழ 27 நிமிடம். கராயன் இளமையில் நாஜிக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். அந்தக் கட்சி தடை செய்த இசையை அவர் தம் முதுமையில் நடத்துகிறார். 1938ஐப் பற்றி நாம் சொன்ன நெறியை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. ரோஸேயின் துயரத்தால் அவர் வாசிப்பை உயர்த்தவில்லை என்றால், கராயனின் பழியால் அவர் வாசிப்பைத் தாழ்த்தவும் கூடாது. பழி வரலாற்றேட்டில் இருக்கட்டும். அதை யாரும் அழிக்க வேண்டாம். காதின் சாட்சியம் வேறு. அது சொல்வது இது: நரம்பு வாத்தியங்களின் இழைப்பில் இதற்கு நிகர் மற்ற ஐந்தில் இல்லை. இவ்வளவு மெதுவாக வாசித்தும் இறுதி அடி அறுபடாமல் நிற்கிறது. பெர்ன்ஸ்டைன் இழந்ததைக் கராயன் காத்தார். ஆனால் முதற்பகுதியிலும் நடனத்திலும் மெருகு மிகுதி; மண் ஒட்டியிருக்க வேண்டிய இடத்திலும் பளிங்குத் தரை. இதை எழுதும்போது நம் மனம் முழுதும் உடன்படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். மனம் உடன்படாத இடத்திலும் காது கேட்டதை எழுதுவதுதான் சாட்சியின் கடமை.

இனி அந்த மாணவரின் வினாவுக்கு விடை. எது சரியானது என்றால், ஒன்று சரி, ஐந்து தவறு என்று நம்மால் சொல்ல இயலாது. எது எதற்கு உரியது என்று சொல்லலாம். ஏட்டை அறிந்துகொள்ள வால்ட்டரின் 1961. நெஞ்சும் காதும் ஒருசேர நிறைய பார்பிரோலியின் 1964. நரம்பிசையின் எல்லை எது என்று காண கராயன். ஒரு மனிதர் ஓர் ஏட்டுக்குள் தம்மை எவ்வளவு தூரம் எரித்துக்கொள்ள முடியும் என்று காண பெர்ன்ஸ்டைனின் இரண்டும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் 1938. கதைக்காக அன்று, வாக்கியத்துக்காக. மெதுவாகச் சொன்னால்தான் ஆழம் என்னும் எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கிறது. மேடைப் பேச்சிலும் இருக்கிறது, பாட்டிலும் இருக்கிறது. அந்தப் பதினெட்டு நிமிடம் அதை மெல்ல மறுக்கிறது.

இந்த இசையை முன்பின் கேளாத வாசகருக்கு ஒரு வழி சொல்வோம். முழு சிம்பொனியையும் முதல் நாளே கேட்க வேண்டாம். வீட்டில் அனைவரும் ஓய்ந்திருக்கும் ஓர் இரவில், முதலில் ரூக்கர்ட்டின் அந்த நான்காம் பாடலை மட்டும் யாரேனும் பாடக் கேளுங்கள், மூன்று நிமிடம்தான். பொருளைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு 1938ஆம் ஆண்டுப் பதிவின் இறுதிப் பகுதியைக் கேளுங்கள். கடைசியில் ஒலி தேய்ந்து தேய்ந்து வரும்போது, ‘அந்தப் பாட்டு வந்ததா?’ என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு குழந்தையாவது ‘வந்தது’ என்று சொன்னால், வியன்னாவில் அன்று வில்லெடுத்தவர்களின் வேலை வீண் போகவில்லை.